எல்லைக்கு அப்பால் ஒரு ஜங்ஷன்

புதுச்சேரியின் கிராமப்புறத்தில் ரயில் ஜங்ஷன் என்று எதுவும் இல்லை. விழுப்புரத்திலிருந்து வரும் ஒற்றைக் கிளைப்பாதை வில்லியனூர் கொம்யூன் என்ற உள்ளாட்சிப் பகுதிக்குள் நுழைந்து, வில்லியனூர் நிலையத்தில் நின்று, பிறகு நகரத்தின் தென்கோடியில் கடலுக்குப் பக்கத்தில் போய் முடிந்துவிடுகிறது. தெற்கே பாகூர் கொம்யூனில் தண்டவாளமே கிடையாது. இந்த ஊர்களை நாட்டின் மற்ற பகுதிகளோடு இணைக்கும் ஜங்ஷன், புதுச்சேரி நிலையத்திலிருந்து 38 கிலோமீட்டர் மேற்கே, எல்லைக்கு அப்பால், விழுப்புரத்தில் இருக்கிறது. பாதை போட்ட காலத்தில் புதுச்சேரி பிரெஞ்சு மண், விழுப்புரம் பிரிட்டிஷ் மண். அதனால் வில்லியனூர் ரயிலின் வரலாற்றைத் தேடுகிறவர் விழுப்புரத்தின் வரலாற்றைத்தான் முதலில் படிக்க வேண்டியிருக்கிறது. இதைத் தற்செயல் என்று ஒதுக்க முடியாது. ஜங்ஷனை உள்நாட்டுக்குத் தள்ளியதில் பிரெஞ்சு எல்லைக்குப் பெரும்பங்கு உண்டு. அப்படித் தள்ளப்பட்ட ஜங்ஷனின் தேவைகளுக்காக எடுத்த முடிவுகளில் மிஞ்சியதுதான் இந்தக் கிராமங்களுக்கு ஒவ்வொரு முறையும் வந்து சேர்ந்தது. இந்தக் கட்டுரையின் வாதம் இதுதான்.

எல்லையிலிருந்து தொடங்குவோம். புதுச்சேரி எல்லை ஒரே வட்டமாகப் போட்ட கோடு அல்ல. பதினெட்டாம் நூற்றாண்டின் நடுவில், கர்நாடகப் போர்களின் நெருக்கடியில், நவாபுப் பதவிக்குப் போட்டியிட்டவர்கள் உதவிக்குக் கைமாறாக ஊர் ஊராகக் கொடுத்த மானியங்களின் தொகுப்பு அது. வில்லியனூரும் பாகூரும் 1749, 1750 வாக்கில் அப்படித்தான் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்தன. போர்களில் கைமாறின, 1783 வெர்சாய் உடன்படிக்கை புதுச்சேரியைச் சேர்ந்த பகுதிகளாக இந்த இரண்டையும் பெயர் சொல்லிக் குறித்தது, 1816-ல் கடைசியாகத் திரும்பக் கிடைத்தன. மானியம் கொடுத்தவர்கள் நிலவரி வரும் கிராமங்களைப் பார்த்தார்களே தவிர, அவை ஒன்றோடொன்று ஒட்டி இருக்கின்றனவா என்று பார்க்கவில்லை. விழுப்புரம் சாலையில் மேற்கே போகிறவருக்கு அதன் விளைவு இன்றும் தெரியும். அரியூர் புதுச்சேரி, அடுத்து வரும் கண்டமங்கலம் தமிழ்நாடு, அதைத் தாண்டினால் திருபுவனையும் மதகடிப்பட்டும் மறுபடி புதுச்சேரி, வளவனூர் மறுபடி தமிழ்நாடு. மாட்டுவண்டிக்கு இந்த எல்லை பெரிய தொல்லை இல்லை. எந்த மேட்டிலும் ஏறி எந்தப் பள்ளத்திலும் அது இறங்கிவிடும். ரயிலுக்கு நிலம் கையகப்படுத்த வேண்டும், மண்ணை உயர்த்த வேண்டும், பாலம் கட்ட வேண்டும், அதற்கெல்லாம் மேலே ஒரே அதிகாரம் வேண்டும். இத்தனை துண்டாகக் கிடந்த நிலத்தில் அந்த ஒரே அதிகாரம் இல்லை.

தென்னிந்திய ரயில்வே சென்னையிலிருந்து தஞ்சாவூரை நோக்கித் தன் மீட்டர் கேஜ் தலைப்பாதையை 1870-களின் பின்பாதியில் போட்டது. திண்டிவனம் வரை வந்த பாதை கடலூருக்குப் போயாக வேண்டும். தேசப்படத்தை விரித்து இந்த இரண்டு ஊர்களையும் ஒரு நேர்கோட்டால் இணைத்துப் பாருங்கள். அந்தக் கோடு வில்லியனூருக்குச் சில கிலோமீட்டர் மேற்கே இறங்கி, பாகூரை உரசிக்கொண்டு கடலூரை அடையும். உண்மையில் போட்ட பாதையோ அந்தக் கோட்டுக்குச் சுமார் 25 கிலோமீட்டர் மேற்கே விலகி விழுப்புரத்தைத் தொட்டு, அங்கிருந்து பண்ருட்டி, நெல்லிக்குப்பம் வழியாகக் கடலோரத்துக்குத் திரும்பி வருகிறது. இந்த வளைவு இல்லாமல் இருந்திருந்தால் விழுப்புரம் ஒரு வட்டத் தலைநகராகவே நின்றிருக்கும். புதுச்சேரிப் பக்கத்து வயல்வெளி ஒன்று தலைப்பாதையின் நிலையமாகியிருக்கும்.

இதற்கு உடனே ஒரு மறுப்பு வரும், அது வலுவான மறுப்பும்கூட. ரயில் கம்பெனி நேர்கோட்டுக்காகப் பாதை போடுவதில்லை, சரக்குக்காகப் போடுகிறது. பெண்ணையாற்றுச் சமவெளியில் பண்ருட்டியும் நெல்லிக்குப்பமும் விளைச்சல் நிறைந்த ஊர்கள். நெல்லிக்குப்பத்தில் சர்க்கரை ஆலை இருந்தது. மேற்கே உள்நாட்டுத் தாலுகாக்களின் தானியத்தையும் பிடிக்க வேண்டும். பிரெஞ்சு எல்லை என்ற காரணத்தை இழுக்காமலேயே இந்த வளைவை விளக்கிவிடலாமே என்று கேட்கலாம். பாதி உண்மை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்தப் பாதியே என் வாதத்தைத் தாங்குகிறது. விளைச்சலைக் கணக்குப் போட்டவர்கள் தென்னாற்காடு மாவட்டத்தின் விளைச்சலைத்தான் போட்டார்கள். பாகூர் ஏரிப் பாசனத்தில் நெல் விளையும் ஊர், புதுச்சேரியின் நெற்களஞ்சியம் என்று பெயர் எடுத்தது. அந்த விளைச்சல் கணக்கில் வரவில்லை, ஏனென்றால் அந்த மண் சென்னை மாகாணத்தில் சேரவில்லை. தவிர, கடலூர் பிரிட்டிஷ் துறைமுகம், புதுச்சேரிக்கு நேர்ப் போட்டி. போட்டித் துறைமுகத்தின் கொல்லைப்புறத்தின் வழியாகத் தலைப்பாதையைக் கொண்டுபோக எந்த மாகாண அரசும் ஆசைப்பட்டிருக்காது. ராணுவமும் தபாலும் போகும் பாதை அந்நிய மண்ணைத் தொட்டுப் போவதை விரும்பியிருக்கவும் முடியாது.

தலைப்பாதை இப்படி விலகிப் போனபின் புதுச்சேரிக்கு மிஞ்சியது ஒரு கிளை. 1879 டிசம்பரில் விழுப்புரம் - புதுச்சேரி பாதை திறக்கப்பட்டது. பிரெஞ்சு மண்ணில் கிடந்த சுமார் பன்னிரண்டரை கிலோமீட்டர் பகுதி மட்டும் புதுச்சேரி ரயில்வே கம்பெனி என்ற தனிக் கம்பெனியின் சொத்து. அதுவும் லண்டனில் பதிவான பிரிட்டிஷ் கம்பெனிதான். வண்டி ஓட்டியதும் ஆளை வைத்து நடத்தியதும் தென்னிந்திய ரயில்வே. ஆக, பிரெஞ்சு நிலத்தில், பிரிட்டிஷ் கம்பெனியின் தண்டவாளத்தில், இன்னொரு பிரிட்டிஷ் கம்பெனியின் வண்டி ஓடியது. வில்லியனூரை ஒட்டிச் சங்கராபரணி ஆற்றைக் கடக்கும் இடத்தில் பாதை இருந்தது பிரெஞ்சு ஆட்சியில். அந்தப் பாதையில் எந்த நேரத்தில் எத்தனை வண்டி விடுவது என்பதை முடிவு செய்தது தென்னிந்திய ரயில்வே. பாதை திறந்து மூன்று மாதம் ஆவதற்குள், 1880 மார்ச் 12-ல், பிரெஞ்சு இந்தியாவில் பத்து கொம்யூன்களை உருவாக்கும் ஆணை வந்தது. புதுச்சேரிப் பகுதியில் புதுச்சேரி, உழவர்கரை, வில்லியனூர், பாகூர் ஆகிய நான்கும் அதில் அடங்கும். வில்லியனூருக்கு மேயரும் நகரசபையும் கிடைத்தன. ரயில்மேல் அந்தச் சபைக்கு எந்த உரிமையும் இல்லை. உள்ளூராட்சியும் ரயிலும் ஒரே குளிர்காலத்தில் வந்து, ஒன்றை ஒன்று சந்திக்காமலே வளர்ந்தன.

அந்த ரயில் யாருக்காக வந்தது என்பதைப் புதுச்சேரி நிலையம் நிற்கும் இடமே சொல்லிவிடும். நகரத்தின் மேற்கே, கிராமங்களிலிருந்து வருகிறவர்களுக்கு வசதியான இடத்தில் அதைக் கட்டவில்லை. தென்பக்கம், இன்று சுப்பையா சாலை என்று அழைக்கப்படும் தெற்கு புல்வாரில், கடலுக்கு எவ்வளவு அருகில் போக முடியுமோ அவ்வளவு அருகில் கட்டினார்கள். அந்தக் காலத்துப் புதுச்சேரி கப்பல் கரைக்கு வந்து நிற்கும் துறைமுகம் அல்ல. கப்பல் கடலில் தள்ளி நங்கூரம் போட்டு நிற்கும். சரக்கைச் சலங்குப் படகுகளில் ஏற்றி அலையை வெட்டிக்கொண்டு போய்ச் சேர்ப்பார்கள். 1860-களில் கட்டிய இரும்புப் பாலம் அந்த வேலையைக் கொஞ்சம் எளிதாக்கியது. அப்படி ஏறிய சரக்கில் முக்கியமானது மணிலா என்ற நிலக்கடலை. தென்னாற்காட்டுச் செம்மண்ணில் விளைந்த மணிலாக்கொட்டை புதுச்சேரி வழியாக மார்செய்க்குப் போனது. அங்கே ஆட்டி எண்ணெயாக்கி சோப்புக்குப் பயன்படுத்தினார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசிக் கால் பகுதியில் புதுச்சேரித் துறைமுகத்தின் உயிர்நாடி அதுதான். இன்னொன்று, மேற்கு ஆப்பிரிக்காவுக்கு ஏற்றுமதியான நீலம் தோய்த்த கினித் துணி. இவை இரண்டுக்கும் உள்நாட்டையும் கடலையும் இணைக்கும் ஒரு குழாய் வேண்டியிருந்தது. குழாயின் ஒரு வாய் விழுப்புரம், மறுவாய் அலைகரை. நடுவில் வில்லியனூர்.

குழாயின் நடுவில் இருந்தாலும் வில்லியனூர் விவசாயிக்கு லாபம் கிடைக்கத்தானே செய்திருக்கும் என்று கேட்பது நியாயம். மணிலா விலை ஏறினால் அவனும் பயிர் செய்வான். சந்தை அருகில் இருக்கிறது. ஆனால் பத்து கிலோமீட்டர் தூரத்தில் துறைமுகம் இருக்கும்போது எந்தக் குடியானவனும் மூட்டையை நிலையத்துக்குக் கொண்டுபோய், கூலி கொடுத்து ஏற்றி, பத்து கிலோமீட்டர் ரயிலில் அனுப்பி, மறுபடி இறக்கமாட்டான். களத்திலிருந்து நேரே வண்டி கட்டுவான். குறுகிய தூரத்தில் ஏற்றிறக்கும் செலவு பயணச் செலவைத் தின்றுவிடும். சரக்கு ரயிலின் பொதுவிதி அது. ஆகவே பாதையால் உண்மையான லாபம் அடைந்தவை தொலைவிலுள்ள ஊர்கள். திருவண்ணாமலை, செஞ்சிப் பக்கத்துச் சரக்குக்கு ரயில் ஒரு வரம். வில்லியனூருக்கு அது கடந்து போகும் வண்டி. பாகூருக்கு அதுவும் இல்லை. பெண்ணையாற்றைத் தாண்டிக் கடலூர்ப் பக்கம் போனால்தான் ரயில்.

இதே ஆட்சிக்காலத்தில் வேறு இடங்களில் என்ன நடந்தது என்று பார்த்தால் இந்த அமைப்பு இன்னும் தெளிவாகும். காரைக்காலுக்குப் பேரளத்திலிருந்து கிளைப்பாதை 1898-ல் வந்தது. அங்கே பிரெஞ்சு அரசே பாதைக்குச் சொந்தக்காரர். ஓட்டியது வழக்கம்போல் தென்னிந்திய ரயில்வே. அந்தப் பாதை 1980-களில் மூடப்பட்டது. ஜங்ஷனுக்குத் தேவைப்படாத கிளைக்கு என்ன கதி என்பதற்குக் கைக்கெட்டும் சான்று அது. கோவாவில் போர்ச்சுகல் வேறு வழி பிடித்தது. 1878-ல் பிரிட்டிஷாரோடு உடன்படிக்கை செய்து, மொர்முகாவ் துறைமுகத்திலிருந்து மலையேறிப் பிரிட்டிஷ் எல்லை வரை தன் பொறுப்பில் ஒரு மீட்டர் கேஜ் பாதை போட வைத்தது. அந்த உடன்படிக்கையில் ரயிலும் சுங்கமும் உப்பும் ஒரே மேசையில் பேசப்பட்டன. பிரெஞ்சுக்காரர்கள் உப்பு காய்ச்சும் உரிமையை 1818-லேயே வருடப் பணத்துக்கு விட்டுக்கொடுத்திருந்தார்கள். ரயில் பேசும் காலத்தில் மேசைமேல் வைக்கப் பெரிதாக எதுவும் மிஞ்சியிருக்கவில்லை. கோவாவுக்கும் ஆட்சி அந்நியம்தான், அங்கும் பாதையை ஓட்டும் பொறுப்பு பின்னால் பிரிட்டிஷ் கம்பெனிக்கே போனது. ஆனாலும் அங்கே துறைமுகம் பாதையின் தலையாக இருந்தது. இங்கே வாலாக இருந்தது.

வால் எல்லைக்கோட்டைத் தாண்டும் இடம் வில்லியனூருக்கு மேற்கே. அதற்கு அப்பால் முதல் நிலையம் சின்னபாபுசமுத்திரம். இரண்டு நிலையங்களுக்கும் இடையே சில கிலோமீட்டர்தான், ஆனால் வரிவிதிப்பு மாறும், சாராய விலை மாறும், போலீஸ் மாறும். தேடப்பட்டவர்களும் தப்பி வந்தவர்களும் புதுச்சேரியைப் புகலிடமாகக் கொண்ட 1908-க்குப் பிந்தைய ஆண்டுகளில் இந்தக் கோடு அரசியல் கோடாகவும் ஆனது. பாரதி பத்தாண்டு புதுச்சேரிப் பக்கம் வாழ்ந்து, 1918 நவம்பரில் எல்லையைக் கடந்தபோது கைதானார். சுங்கத்தைப் பொறுத்தவரை 1941-ல் பிரெஞ்சு இந்தியாவும் பிரிட்டிஷ் இந்தியாவும் சுங்க ஒன்றியம் செய்துகொண்டன. அந்த எட்டு ஆண்டுகள் கோடு மங்கியது. சுதந்திர இந்தியா 1949 மார்ச் இறுதியோடு அந்த ஒன்றியத்தை முடித்துக்கொண்டது. ஒரே நாளில் வில்லியனூர் மீண்டும் எல்லை ஊர். கைக்கடிகாரமும் தங்கமும் புதுச்சேரிக்குள் இறங்கி மேற்கே கடத்தப்பட்ட காலம் அது. பையைத் திறந்து காட்டாமல் யாரும் எல்லையைத் தாண்ட முடியாத காலமும் அதுவே. தன் ஊரிலிருந்து பக்கத்து ஊர்ச் சந்தைக்குப் போகிற கிராமத்தான் இதில் எவ்வளவு அல்லல்பட்டிருப்பான் என்பதை, மேலே சொன்ன அரியூர்-கண்டமங்கலம்-திருபுவனை வரிசையை நினைத்துப் பார்த்தாலே புரிந்துகொள்ளலாம். 1954 மார்ச் இறுதியில் நெட்டப்பாக்கத்தில் இந்தியக் கொடி ஏறியதும், அக்டோபர் 18-ல் வில்லியனூரை அடுத்த கீழூரில் கூடிய 178 பிரதிநிதிகளில் 170 பேர் இந்தியாவோடு இணைவதற்கு வாக்களித்ததும் நகரத்துக்கு வெளியே நடந்தவை. எல்லையின் பாரத்தை அன்றாடம் சுமந்தவை கிராமங்கள். அதை இறக்கிவைத்த முடிவு கிராமத்தில் எடுக்கப்பட்டதில் வியப்பில்லை.

எல்லை போன பிறகாவது இந்த அமைப்பு மாறியிருக்க வேண்டும். மாறவில்லை. ஏன் என்று புரிய ஜங்ஷனின் மாற்றங்களைப் பார்க்க வேண்டும். 1890-களின் தொடக்கத்தில் திருவண்ணாமலை வழியாகக் காட்பாடிக்குப் பாதை வந்தபோது விழுப்புரம் நான்கு திசை ஜங்ஷன் ஆனது. 1929-ல் விருத்தாசலம் வழியாகத் திருச்சிக்குக் குறுக்குப்பாதை முழுவதும் திறந்தபோது ஐந்தாவது திசையும் சேர்ந்து, தெற்கே போகும் போக்குவரத்தின் பாரம் அந்தப் பக்கம் சாய்ந்தது. 1951-ல் எல்லாம் தெற்கு ரயில்வே என்று ஒன்றாயிற்று. 1960-களின் நடுவில் தாம்பரத்திலிருந்து மீட்டர் கேஜ் மின்பாதை விழுப்புரம் வரை நீண்டு அங்கேயே நின்றுவிட்டது. அதனால் எழும்பூரிலிருந்து தெற்கே போகும் ஒவ்வொரு வண்டிக்கும் விழுப்புரத்தில் எஞ்சின் மாற்ற வேண்டியிருந்தது. ஜப்பானில் வடிவமைத்த மின் எஞ்சின் வண்டியிலிருந்து கழன்று ஓரத் தடத்துக்கு ஒதுங்கும். கரிப்புகையோடு நீராவி எஞ்சின், பிற்காலத்தில் டீசல் எஞ்சின், பின்னோக்கி வந்து பெட்டியில் மெல்ல முட்டும். ஒரு பணியாளர் எஞ்சினுக்கும் பெட்டிக்கும் நடுவே குனிந்து இணைப்பைப் பூட்டுவார். பிரேக் சோதித்துக் கொடி காட்டும்வரை பிளாட்பாரம் முழுக்கச் சாப்பாட்டுப் பொட்டலமும் காபியும் விற்கும். விழுப்புரம் என்ற ஊர் வளர்ந்தது இந்த நிமிடங்களில்தான். 1993-ல் அது மாவட்டத் தலைநகர் ஆனதற்குப் பின்னால் நூறாண்டு ரயிலின் பங்கு இருக்கிறது. அதே நூறாண்டில் புதுச்சேரிக் கிளை, பெரிய வண்டிகள் போனபின் நேரம் கிடைத்தால் ஓடும் பாசஞ்சர் தடமாகவே இருந்தது.

அகலப்பாதை வந்தபோது இதே கதை இன்னும் கூர்மையாக நடந்தது. சென்னை-திருச்சி தலைப்பாதை 1990-களின் இறுதியில் பிராட் கேஜ் ஆயிற்று. புதுச்சேரிக் கிளை அகலமானது அடுத்த பத்தாண்டில்தான். இடையில் வில்லியனூரிலிருந்து ஏறுகிறவர் விழுப்புரத்தில் இறங்கி, மூட்டையைத் தூக்கிக்கொண்டு வேறு அகலப்பாதை வண்டியில் ஏற வேண்டியிருந்தது. கடலூர் வழியாகப் போகும் பழைய தலைப்பாதை 2010-ல்தான் முழுவதும் அகலமானது. அகலமான பிறகு புதுச்சேரிக்கு டெல்லியும் ஹௌராவும் மங்களூரும் கன்னியாகுமரியும் நேர் வண்டியால் கிட்டின என்பது உண்மை. சிறிய லாபம் அல்ல. ஆனால் அவை நகரத்துக்காகவும் நகரத்துக்கு வரும் யாத்திரிகருக்காகவும் ஓடும் வண்டிகள். வில்லியனூர் நிலையத்தின் அன்றாட வாழ்வு இன்றும் விழுப்புரம் பாசஞ்சர்களைச் சுற்றியே இருக்கிறது.

இந்த இடத்தில் மிக வலுவான மறுப்பு எழும்: ரயில் எதற்கு, பேருந்து போதாதா? வில்லியனூரிலிருந்து புதுச்சேரி பத்து கிலோமீட்டர். புதுச்சேரியிலிருந்து சென்னைக்கு விழுப்புரம் வழியாக ரயிலில் போனால் கிட்டத்தட்ட 200 கிலோமீட்டர். கிழக்குக் கடற்கரைச் சாலையில் சுமார் 150. சுற்றிப் போகும் ரயிலை மக்கள் கைவிட்டதில் குற்றம் என்ன? குற்றம் ஒன்றுமில்லை. மக்கள் சரியாகவே கணக்குப் போட்டார்கள். ஆனால் அந்த 50 கிலோமீட்டர் வித்தியாசம் இயற்கை விதித்ததல்ல. அதில் பெரும்பகுதி 1870-களில் பாதை மேற்கே வளைந்ததன் மிச்சம். பேருந்து ஜெயித்தது என்று சொல்வதைவிட, ரயில் தொடங்கும்போதே தோற்கும்படி போடப்பட்டது என்று சொல்வதே சரி. அதோடு ரயில் போகாத ஊர்களும் ரயிலுக்கு விலை கொடுக்கின்றன. கடலூர் சாலை வழியே நகருக்குள் வரும் பாகூர்க்காரர் முதலியார்பேட்டையில் ஏ.எஃப்.டி. பஞ்சாலை ரயில்வே கேட்டைச் சந்திக்கிறார். 1898-ல் தொடங்கிய அந்தப் பஞ்சாலை மூடிவிட்டது, அதன் பெயர் கேட்டில் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. கேட் விழும்போது இருபுறமும் பேருந்து, பால்வண்டி, நெல் ஏற்றிய டெம்போ, ஆம்புலன்ஸ் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும். இருசக்கர வண்டிக்காரர்கள் எதிர்த்தடத்தையும் அடைத்துக்கொண்டு முன்னால் வந்து நிற்பார்கள். கேட் ஏறியதும் இரண்டு கூட்டமும் நடுவில் முட்டிக்கொண்டு, வண்டி போய் வெகுநேரம் ஆன பிறகே தெளியும். பாகூருக்கு ரயிலோடு உள்ள ஒரே உறவு இந்தக் காத்திருப்பு. விழுப்புரம் சாலையில் அரும்பார்த்தபுரம் கேட்டுக்குப் பதிலாக மேம்பாலம் வருவதற்குள் வில்லியனூர் மக்களும் இதே அளவு காத்துக் கிடந்தார்கள்.

இன்றைக்கு இந்த வரலாறு ஏன் முக்கியமாகிறது என்றால், இரண்டாவது வாய்ப்பு ஒன்று காகிதத்தில் இருக்கிறது. சென்னையிலிருந்து மாமல்லபுரம், புதுச்சேரி வழியாகக் கடலூருக்குச் சுமார் 180 கிலோமீட்டர் புதுப்பாதை பதினைந்து ஆண்டுகளுக்கும் மேலாக ரயில்வேயின் ஏற்கப்பட்ட திட்டங்களில் இருக்கிறது; வேலை நகரவில்லை. அது ஓடினால் புதுச்சேரி முதன்முறையாகக் கடைசி நிலையமாக இல்லாமல் நடுநிலையமாகும். பழைய கிளையோடு அது சேரும் இடம் புதுச்சேரி மண்ணிலேயே ஒரு ஜங்ஷன் ஆகும். புதுச்சேரியிலிருந்து கடலூருக்குப் போகும் எந்தப் பாதையும் பாகூர்ப் பக்கத்தைத் தாண்டித்தான் போக வேண்டும். சேரும் இடம் நகருக்குள்ளா, வில்லியனூர்ப் பக்கமா? கிருமாம்பாக்கம் பக்கத்தில் நிலையம் உண்டா, அல்லது வண்டி பாகூர் வயல்களை மேட்டுக்கரையில் கடந்து நிற்காமல் போய்விடுமா? அந்த மேட்டுக்கரை பாகூர் ஏரியிலிருந்து வரும் வாய்க்கால்களை எத்தனை இடத்தில் வெட்டும், மழைநீர் போக எத்தனை கண் வைப்பார்கள்? இவை நிலம் அளக்கும்போது கேட்க வேண்டிய கேள்விகள். கரை போட்டபின் கேட்டுப் பயனில்லை.

கேட்பது யார் என்பதில்தான் சிக்கல். சட்டமன்ற உறுப்பினர்கள் இருக்கிறார்கள், அவர்கள் கேட்கலாம். ஆனால் எந்த வாய்க்கால் எங்கே திரும்புகிறது, எந்தத் தெரு எந்தப் பாதையில் பள்ளிக்கூடம் போகிறது என்று தெரிந்து பேச வேண்டிய அமைப்பு கொம்யூன் பஞ்சாயத்து. புதுச்சேரியில் உள்ளாட்சித் தேர்தல் 1968-க்குப் பிறகு 38 ஆண்டுகள் நடக்கவில்லை. 2006-ல் நடந்தது, அப்போது தேர்வானவர்களின் காலம் 2011-ல் முடிந்தது. அதற்குப் பின் வில்லியனூர் கொம்யூனையும் பாகூர் கொம்யூனையும் நடத்தி வருபவர்கள் அதிகாரிகள். 1880-ல் சபை இருந்தும் ரயில்மேல் அதற்கு அதிகாரம் இல்லை. இப்போது நிலம் எடுக்கும்போது ஆட்சேபம் தெரிவிக்கச் சட்டம் இடம் தருகிறது. ஊர் சார்பில் அதைச் சொல்லத் தேர்ந்தெடுக்கப்பட்ட சபை இல்லை. புதுப்பாதைக்கு அளவுக்கல் நடும் முன் அந்தத் தேர்தலை நடத்த வேண்டும்.